அசையாத பென்சில் கோடு

புதிதாக வந்திருக்கும் உங்கள் இரண்டு பேரையும் கவனித்தேன். நான் தொண்டையைச் செருமியதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தீர்கள். வேண்டாம், சாய்ந்தே உட்காருங்கள். இன்னொருவர் பார்க்கிறார் என்பதற்காக நிமிர்கிற முதுகை நான் நம்புவதில்லை. இந்தத் தொழிலில் நான் எதையுமே சட்டென்று நம்புவதில்லை.

தென்காசியில் இந்த ஜவுளிக்கடை மாடியில் பல வருஷம் யோகா சொல்லிக்கொடுத்தேன். இப்போது என் முழங்கால்கள் இரண்டும் கூடிப் பேசி என்னை ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. பல் டாக்டருக்கே பல் விழுந்த மாதிரிதான், சிரிக்கலாம். என் தொப்பையைப் பற்றியும் கேட்க நினைக்கிறீர்கள். அது விளம்பரம். "இந்த ஆளாலயே குனிய முடியுதுன்னா நம்மால முடியாதா" என்று தைரியம் வந்து சேர்ந்தவர்கள்தான் என்னிடம் அதிகம்.

ஆசனங்கள் உங்களுக்குத் தெரியும். சான்றிதழ் இருக்கிறது. மூட்டு என்ன கோணத்தில் மடங்குகிறது என்று சொல்லும் ஆப் கூட உங்கள் போனில் இருக்கிறது. என்னிடம் இருந்தது, அதோ அந்தக் கொக்கியில் தொங்குகிற தூக்குக்குண்டு மட்டும். கொத்தனார் சுவர் கட்டும்போது நேர் பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுவாரே, அதேதான். ஆளைப் பக்கவாட்டில் நிறுத்தினால் காது, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் அந்த நூலை ஒட்டி வரவேண்டும். வராத இடத்தில் ஏதோ சங்கதி இருக்கிறது. அது என்ன சங்கதி என்று நூல் சொல்லாது. அங்கேதான் நமக்கு வேலை.

உடம்பு பொய் சொல்லாது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் சீசன் நேரத்தில் குற்றாலத்தில் வகுப்பு எடுத்ததில்லை என்று நினைக்கிறேன். நான் எடுத்திருக்கிறேன், ஒரு லாட்ஜின் மொட்டைமாடியில். எண்ணெய் தேய்த்துவிட்டு, அருவிக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஆசனம் பார்த்துவிடலாம் என்று ஒருவர் வந்து திரிகோணாசனத்தில் நின்றார். இடுப்பை நேராக்கலாம் என்று பிடித்தேன். மீனைப் பிடித்த மாதிரி அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன். "வலிக்குதா சார்?" என்றேன். "சேச்சே" என்று சிரித்தார். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். அந்த அம்மா போன் பேசத் தள்ளிப் போனதும் மனுஷர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு நன்றாகவே பொய் சொல்லும். கூட யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு சொல்லும்.

இதை எனக்கு முழுசாகப் புரியவைத்தவர்கள் ஒரு அப்பாவும் மகனும். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பென்சில் கோடு தெரிகிறதா? வெள்ளையடிக்க வந்தவர்களிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். நான் ஏதோ வாஸ்து பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு, இலத்தூர்க்காரர். ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே. முதல் நாள் படியேறி வந்து அவர் நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. மார்பு முன்னால், இடுப்பு பின்னால், முழங்கால்கள் இரண்டும் பின்பக்கம் தள்ளிப் பூட்டுப் போட்ட மாதிரி. பரேடு மைதானத்தில் பழகியது. சட்டைப்பையில் ஒரு ஸ்டீல் டேப், அளக்கிற டேப். பேனா வைக்கிற இடத்தில் டேப் வைத்திருக்கும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பின்னால் மகன், இசக்கிராஜ். கல்யாண வயசு ஆள். சீசனில் குற்றாலத்தில் பழக்கடை போடுவான்: மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான். சீசன் இல்லாத மாதங்களில் தோட்டம் தோட்டமாகச் சுற்றி அடுத்த வருஷக் காய்ப்பைப் பேசி முடிப்பான்.

"மாஸ்டர், இவன ஒரு அரை விரக்கடை இழுத்து விடணும்" என்றார் ஏட்டையா.

அரை விரல் அகலத்துக்கு ஆளை இழுக்கச் சொல்கிறாரே என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போலீஸ் செலக்‌ஷன். பரீட்சை பாஸாயிருதான். ஓட்டம், கயிறு எல்லாம் வீட்டுல நல்லாத்தான் செஞ்சு காட்டுதான். அங்கன போய் உயரம் பாக்க நிக்கும்போது மட்டும் அரை விரக்கடை கொறையுது. போன தடவையும் அதே, அதுக்கு முந்தியும் அதே. இந்த வருஷத்தோட வயசு முடிஞ்சிரும்."

"ஏட்டையா, யோகாவுல எலும்பு வளராது. கூன் இருந்தா நிமிரும், அவ்வளவுதான்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். கடையில குனிஞ்சு குனிஞ்சு கூன் விழுந்துட்டு. நீரு நிமித்தி விடும். எலும்புக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அது அவன் ஆத்தா வீட்டு எலும்பு. அவ தம்பிமாரப் பாத்திருக்கீரா? எல்லாரும் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறி நின்னாதான் ஒரு ஆளு உயரம்."

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏட்டையா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையோ திருடியிருக்கிறேன், எங்கே ஒளித்துவைத்திருக்கிறேன் என்று பார்க்கிற மாதிரி.

அன்றைக்கே சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்து, அந்தக் கோட்டைப் போட்டேன். வாராவாரம் அதே இடத்தில் அளப்பது என்று ஏற்பாடு.

அவனுக்கு நான் கொடுத்த பாடம் பெரும்பாலும் நிற்பதுதான். தாடாசனம். சும்மா நிற்பது போலத் தெரியும், அதைவிடக் கஷ்டமானது எதுவும் இல்லை. இசக்கிராஜ் சொன்னதைச் சொன்னபடி செய்தான். தோளை இறக்கு என்றால் இறக்கினான். தாடையை உள்ளே இழு என்றால் இழுத்தான். கூன் இருந்தது, ஒரு மாதத்தில் போயும் விட்டது. ஆனால் சுவரில் அளந்தால் அதே கோடு.

முதலில் பென்சிலைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் தரையை. கீழே ஜவுளிக்கடைக்காரர் சரக்கை ஒரே பக்கம் அடுக்குவதால் மாடி சாய்ந்துவிட்டதோ என்று அவரிடமே போய்க் கேட்டேன். அதற்கப்புறம் அவர் எனக்கு முன்னைப் போல வணக்கம் வைப்பதில்லை. ஏட்டையா நான் இல்லாத நேரத்தில் வந்து கோட்டை அழித்து மேலே போடுகிறாரோ என்று ஒரு சந்தேகம். கடைசியில் என்னையே சந்தேகப்பட்டு, அதே சுவரில் நானே நின்று என்னை அளந்து பார்த்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்ன உயரத்தைவிடக் குறைவாக வந்தது. இந்த விஷயம் என் மனைவிக்கு இன்னும் தெரியாது, உங்களோடு இருக்கட்டும்.

ஆனால் அந்தக் கூத்தில் ஒன்று பிடிபட்டது. நான் காலையில் அளந்தால் ஒரு கோடு, சாயங்காலம் அளந்தால் ஒரு கோடு. நன்றாகத் தூங்கி எழுந்தால் ஒன்று, பஸ்ஸில் மதுரை போய் வந்தால் இன்னொன்று. உயிரோடு இருக்கிற உடம்பு அப்படித்தான், ஏறும் இறங்கும். கூன் நிமிர்ந்த பிறகும், காலையில் வந்தாலும் மாலையில் வந்தாலும், மயிரிழை மாறாமல் ஒரே கோட்டில் ஒருவன் தலை வந்து நிற்கிறதென்றால், கோடு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததில் இது ஒன்று. தப்பாக நிற்கிறவனைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எப்போதும் ஒரே மாதிரி நிற்கிறவனை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.

இன்னொன்றும் இருந்தது. அவன் எப்போதும் தொளதொளவென்று ஒரு ட்ராக் பேன்ட் போட்டு வருவான்.

"தம்பி, அரை டவுசர் போட்டுட்டு வாங்க. முட்டு தெரியணும்" என்றேன்.

"கால்ல ஒரு தழும்பு கெடக்கு மாஸ்டர். பொம்பளையாளுக பாத்தா அசிங்கமா இருக்கும்."

அது ஆண்கள் வகுப்பு. எந்தப் பொம்பளையாள் என்று நான் கேட்கவில்லை. மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அவன் அம்மா பெண்கள் வகுப்பில் வந்து சேர்ந்தார். குள்ளமான, கலகலப்பான பெண்மணி. ஒருநாள் எல்லோரும் போன பிறகு பாயைச் சுருட்டுகிற சாக்கில் நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். அவன் வயித்துல இருக்கும்போது எனக்குச் சோறே எறங்கல. வெறும் மோராக் குடிச்சுக் கெடந்தேன். அதுலதான் எலும்பு வளராமப் போச்சோ?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"இல்ல, எங்க வீட்டுக்காரவிய சொல்லுதாவ. செலக்‌ஷனுக்குப் போய்ட்டு வந்தா சொல்லுதாவ, தட்டுல சோத்த வைக்கும்போது சொல்லுதாவ. உங்க வீட்டு எலும்பு, உங்க வீட்டு எலும்புன்னு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பாயை மட்டும் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார். "நானும் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நிக்கேன். இனிமே நான் வளந்து என்னத்துக்கு ஆவப் போவுது?"

அந்த மோரை என்னால் மறக்க முடியவில்லை.

செலக்‌ஷனுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலை. சாரல் விடாமல் அடித்தது. வகுப்புக்கு வேறு யாரும் வரவில்லை. இசக்கிராஜ் மட்டும் குற்றாலத்திலிருந்து பைக்கில் தொப்பலாக நனைந்து வந்தான். கடைக்குப் பழம் இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறான். ட்ராக் பேன்ட் இரண்டு காலிலும் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கோடு இருந்த சுவரோரம், தூக்குக்குண்டுக்குப் பக்கத்தில் போய் வழக்கம்போல நின்றான்.

காது நூலில் இருந்தது. தோள், இடுப்பு இரண்டும் சரி. முழங்கால் மட்டும் நூலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

நான் கீழே உட்கார்ந்தேன். என் முழங்கால்கள் போட்ட சத்தத்தில் அவன் திரும்பிப் பார்த்தான். அவன் முட்டுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தேன். பள்ளமாக இருந்தது. தொடை கல் மாதிரி இறுகிக் கிடந்தது. நேராக நிற்கிற காலுக்குத் தொடை இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. மடக்கிவைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் இந்த உழைப்பு.

"தம்பி, முட்ட நேராக்குங்க."

"நேராத்தான் நிக்கேன் மாஸ்டர்."

"என் கை உங்க முட்டுக்குப் பின்னாலதான் இருக்கு தம்பி."

அப்புறம் என் கையின் மேல் கால் மெதுவாக நிமிர்ந்து வந்து அழுத்தியது. அண்ணாந்து பார்த்தேன். அவன் தலை சுவரில் இருந்த கோட்டைத் தாண்டி மேலே போயிருந்தது. நான் பென்சிலை எடுக்கவில்லை.

"ஏன் தம்பி?"

"எனக்கு போலீசுக்குப் போகப் பிடிக்கல. கடையப் பாத்துக்கிடணும், ஒரு தோட்டத்த மொத்தமாக் குத்தகைக்குப் பிடிக்கணும்னு இருக்கு."

"அதுக்குப் பரீட்சையிலயே தோத்திருக்கலாமே. எவ்வளவு பேரு முயற்சி செய்யாமலே தோக்காங்க."

"பரீட்சையில தோத்தா படிக்கலன்னு ஏசுவாரு. ஓட்டத்துல தோத்தா கடையில உக்காந்துதான் ஒடம்பு கெட்டுதுன்னு கடைய மூடச் சொல்லிருவாரு. உயரத்துக்கு ஆரக் குத்தம் சொல்ல முடியும் மாஸ்டர்? யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"அப்பாட்ட நேராச் சொல்லிப் பாத்தா?"

"நீங்க சொல்லிப் பாருங்களேன்."

நியாயமான பதில். எனக்கு அந்த டேப் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கோணலாக ஒரு உடம்பைப் பார்த்ததும் நம் கை துறுதுறுக்கும். தள்ளி நேராக்கிவிடத் தோன்றும். அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடலாம், மகனுக்கு ஒரு சொற்பொழிவு நடத்திவிடலாம், இரண்டுக்கும் எனக்கு வாய் ஊறியது. அவன் தப்பாகச் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்தினேன்.

"ஆரையும் குத்தம் சொல்ல முடியாதுன்னு சொன்னீங்களே தம்பி. உங்க அம்மா, நீங்க வயித்துல இருக்கும்போது மோரு குடிச்சதாலதான் உங்களுக்கு எலும்பு வளரலன்னு நெனச்சுட்டு இருக்காங்க. எங்கிட்ட கேட்டாங்க."

"மோரா?" என்றான். பேன்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"நானாப் போய் உங்க அப்பாட்ட சொல்ல மாட்டேன். அவரு கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

"அவரு கேக்காம இருப்பாரா மாஸ்டர்? ரெண்டும் ஒண்ணுதான்" என்றான், என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடி. அந்தக் குடும்பத்துப் பார்வை அப்பாவோடு நிற்கவில்லை.

கேட்கவும் செய்தார். செலக்‌ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் படியேறி வந்தார்.

"மாஸ்டர், பையன் சரியா நிக்கானா?"

"நிக்கத் தெரியும் ஏட்டையா."

"நான் கேட்டது அது இல்லையே."

"அவருக்கு நிக்கத் தெரியும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். மிச்சத்த நீங்க அவர்ட்டதான் கேக்கணும்."

ஏட்டையா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் செய்திருப்பேனோ என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

"சரி. காலையில நீரும் கூட வாரும்" என்றார். அழைப்பு மாதிரி இல்லை, சம்மன் மாதிரி இருந்தது.

தூங்கி எழுந்ததும் மனுஷன் கொஞ்சம் உயரமாக இருப்பான், நடக்க நடக்க முதுகெலும்பு அமுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் செலக்‌ஷனுக்குப் போகிற வீடுகளுக்கும் தெரியும். அதனால் உயரம் மட்டுமட்டாக இருக்கிற ஆளை வேனில் படுக்கவைத்தே திருநெல்வேலிக்குக் கொண்டுபோவார்கள். ஏட்டையா பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்திருந்தார். இசக்கிராஜ் அதில் மல்லாந்து கிடந்தான். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிக் கேஸ் என்று வழிவிட்டார்கள்.

ஏட்டையா டிரைவருக்குப் பக்கத்தில். "ஏலே, தலையத் தூக்காதே. கழுத்து அமுங்கிரும்." அப்புறம் டிரைவரிடம்: "ஸ்பீட் பிரேக்கர் வருது தம்பி, மெதுவா ஏத்தும், மெதுவா எறக்கும். குறுக்கெலும்பு இருக்கு உள்ள."

"கோழிமுட்ட ஏத்திட்டுப் போன வண்டிதான் அண்ணாச்சி இது. கவலப்படாதீங்க" என்றான் டிரைவர்.

பாவூர்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். "நீ எறங்காத, உனக்கு ஸ்ட்ரா போட்டு டீ வரும்" என்று சொல்லிவிட்டு ஏட்டையா இறங்கினார். நானும் இறங்கினேன். டீயை வாங்கி ஒரு வாய் குடித்திருப்பேன். வேனின் பின்கதவு திறந்தது. இசக்கிராஜ் இறங்கி வந்து நின்றான்.

"ஏலே, படுலே! இம்புட்டு தூரம் கொண்டுவந்ததெல்லாம் வீணாப் போவும்!"

"நான் வரலப்பா."

"என்னது?"

"எனக்கு உயரம் இருக்கு. நாந்தான் முட்ட மடக்கிட்டு நின்னேன். அம்மா வீட்டு எலும்புல ஒரு கொறையும் இல்ல. எனக்கு போலீஸ் வேண்டாம்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் இரண்டு குவளைகளையும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அடி விழும் என்று நினைத்தேன். ஏட்டையா சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். "அந்தத் தூண்ல சாஞ்சு நில்லு. செருப்பக் கழத்து" என்றார். இசக்கிராஜ் நின்றான். டேப்பை இழுப்பதற்கு முன்னால் ஏட்டையா குனிந்து, மகனின் முட்டுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

எனக்குப் புரை ஏறியது. எத்தனையோ வருஷம் இதே தொழிலில் இருக்கிற எனக்கே அந்த இடத்தில் கை வைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கை வேறெங்கும் தடவாமல் நேராக அங்கே போனது. முன்னாலேயே தெரிந்தால்தான் கை அப்படிப் போகும்.

அளந்தார். கேட்கிற உயரத்துக்கு மேலேயே இருந்தது.

"போன தடவ கம்பி வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன்" என்றார், டேப்பைப் பார்த்தபடியே. "நீ ஏறி நின்னதும் பேன்ட்டுல ஒரு சுருக்கம் விழுந்துச்சு, முட்டுக்கிட்ட."

"தெரிஞ்சுட்டே ஏம்பா கேக்கல?"

"நீயாச் சொல்லுதியான்னு பாத்தேன்."

"பொறவு இவர்ட்ட எதுக்குக் கொண்டாந்து விட்டீங்க?"

"இன்னொரு ஆளும் பாக்கட்டும்னுதான்."

யோகா மாஸ்டர் என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் சாட்சியாகத்தான் இருந்திருக்கிறேன்.

இசக்கிராஜ் தூணை விட்டு நகரவில்லை. யோசித்து யோசித்துக் கேட்டான்.

"போன வருஷமே தெரியும்னா, அதுக்குப் பொறவும் அம்மாவ ஏன் சொன்னீங்க? உங்க வீட்டு எலும்புன்னு தட்டுக்கு முன்னால உக்காந்து சொன்னீங்களே. தெரிஞ்சுட்டேதான சொன்னீங்க?"

ஏட்டையா வாயைத் திறந்தார். "ஒருத்தன் வாயத் தொறக்கணும்னா..." என்று ஸ்டேஷனில் விசாரணைப் பாடம் எடுக்கிற குரலில் தொடங்கினார். "அவன் கூட இருக்கவங்களக் கொஞ்சம்..."

தான் சொன்னது தன் காதில் விழுந்த மாதிரி நின்றார். டேப் கையிலிருந்து சரசரவென்று சுருண்டு உள்ளே போனது.

எனக்கு அந்த நேரத்தில் சொல்ல எவ்வளவோ இருந்தது. சமாதானமாக நாலு வார்த்தை, ஒரு பிராணாயாமம், ஏதாவது. ஒன்றும் சொல்லாமல் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தேன். அந்த வருஷம் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஏட்டையா வேனுக்குப் போனார். முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால் ஏறி அந்தப் பாயில் உட்கார்ந்தார். இசக்கிராஜ் முன்னால் உட்கார்ந்தான். டிரைவர் வண்டியைத் தென்காசிப் பக்கம் திருப்பிவிட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டான்:

"இனிமே ஸ்பீட் பிரேக்கர்ல வேகமாப் போலாம்லா?"

அவன் மெதுவாகவே போனான்.

வீட்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏட்டையா தன் வாயால் சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. சில நாள் கழித்துப் பெண்கள் வகுப்பில், கையை மேலே தூக்கி நின்றுகொண்டிருக்கும்போதே அந்த அம்மா சொன்னார்:

"எங்க வீட்டு எலும்பு நல்ல எலும்புதானாம் மாஸ்டர். இப்பம்தான் சொல்லுதாவ. அன்னையில இருந்து அவியளுக்கு நான் சோறு போடுததில்ல. சட்டிய நடுவுல வச்சிருதேன். அவியளே போட்டுத் திங்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கும்மா?"

"எனக்கு எப்பம் தோணுதோ அது வரைக்கும்" என்றார். அன்றைக்கு அவர் கைகள் இரண்டும் காதை ஒட்டி நேராகப் போயிருந்தன. நான் திருத்த ஒன்றும் இல்லை.

இசக்கிராஜ் இப்போது மேக்கரைப் பக்கம் ஒரு தோட்டத்தைப் பிடித்திருக்கிறான். அவன் கடையில் ரம்புட்டான் வாங்கப் போனால் எனக்கு இருப்பதில் நல்லதாகப் பொறுக்கிப் போடுகிறான். ஏன் என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. வீட்டுக்கு வந்து எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பூச்சி தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாக உரித்துப் பார்க்கிறேன். இதுவரை நல்ல பழம்தான்.

ஏட்டையா அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் காலையில், டேப் இல்லாத சட்டைப்பையோடு, தனியாகப் படியேறி வந்தார். "முட்டு வலி" என்றார். என்னை விசாரிக்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே மார்பு, அதே இடுப்பு, பின்னால் தள்ளிப் பூட்டிய அதே முழங்கால்கள். சுவரோரம் நிறுத்தினேன். மகனை நிறுத்திய அதே இடம்.

"முட்டக் கொஞ்சம் விடுங்க ஏட்டையா. இவ்வளவு பின்னால தள்ளாதீங்க."

விடப் பார்த்தார். தொடை நடுங்கியது. மறுபடியும் பூட்டிக்கொண்டார்.

"விட்டா விழுந்துருவேன்னு தோணுது மாஸ்டர்" என்றார். அவர் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"பின்னால சொவரு இருக்கு ஏட்டையா."

தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அந்தக் கோடு அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. "இத அழிச்சிரலாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கெடக்கட்டும்" என்றார்.

நாளைக்குக் காலையில் வகுப்பு உங்களுடையது. முதல் ஆளாக அவர்தான் வருவார். பெயர் கேட்டால் ஏட்டையா என்பார். உங்களை மேலும் கீழும் பார்ப்பார், பதறாதீர்கள், அது பழக்கம். ஜன்னல் பக்கத்துச் சுவரோரம்தான் நிற்பார். முழங்காலை விடச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். உங்கள் போனை எடுத்துக் கோணம் பார்க்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, முட்டுக்குப் பின்னால் உள்ளங்கையை மட்டும் வையுங்கள்.

போன வாரம் மயிரிழை அளவு விட்டார்.